ஓசை எங்கே போயிற்று?

1994-ஆம் வருஷம் ஒரு மனிதர் தம் பெயரைச் சொல்லி, தாம் உண்டாக்கிய வஸ்துவின் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்றும் சொல்லி, அதைப் பதிவு செய்து உலகத்தின் கைக்கு விட்டு வைத்தார். சில விநாடிகளில் முடிந்து விடுகிற பேச்சு. ஒரு தடவை இங்கிலீஷில். ஒரு தடவை ஸ்வீடிஷ் பாஷையில். அந்த மனிதர் லினஸ் டோர்வால்ட்ஸ். பின்லாந்தில் ஸ்வீடிஷ் பேசும் சிறுபான்மைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஹெல்ஸிங்கி சர்வகலாசாலையில் மாணவராயிருந்தபோது, 1991-இல், அவர் வெளியிட்ட வஸ்துவின் பெயர் லினக்ஸ். கம்ப்யூட்டர் என்ற ஜடப் பெட்டியைத் தட்டி எழுப்பி வேலை வாங்குகிற ஆதார நிரல் அது.

தங்கள் பெட்டியில் சப்தம் வருகிறதா என்று சோதிக்க விரும்பியவர்கள் பலர் அந்தப் பதிவையே போட்டுப் பார்த்தார்கள். டோர்வால்ட்ஸின் குரல் கேட்டால் எல்லாம் க்ஷேமம். கேட்காவிட்டால்? அந்தக் ‘கேட்காவிட்டால்’ என்பதற்கு முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதில் என்ன அக்கறை என்று நேயர்கள் கேட்கலாம். எனக்கு இந்தச் சரித்திரம் ஒரு நல்ல துப்பறியும் கதையாகவே படுகிறது. ஓசை காணாமற் போகிறது, ஊர் கூடுகிறது, குற்றவாளி என்று ஒருவரைப் பிடித்துக் கட்டுகிறது. பிடிபட்டவர் பெரும்பாலும் கடைசியாக ஊருக்குள் வந்தவராகவே இருக்கிறார். குற்றம் நடந்ததோ அவர் வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்னால்!

லினக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி விடுகிறேன். அதன் மூல வரிகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். ஊர்ப் பொதுக் கிணறு மாதிரி. பொதுக் கிணற்றில் யாரையும் கேட்காமல் தண்ணீர் சேந்திக் கொள்ளலாம். கயிறு அறுந்து விட்டால் யாரைக் கேட்பது என்று தெரியாமல் விழிக்கவும் செய்யலாம்.

அந்தக் கிணற்றுக்கு முதல் கயிறு போட்டவர் இன்னொரு பின்லாந்துக்காரர். ஹன்னு ஸவோலைனன் என்று பெயர். அந்த நாளில் கம்ப்யூட்டருக்குள் ஓசை வேண்டுமானால் தனியாக ஓர் அட்டையை வாங்கிச் செருக வேண்டும். சிங்கப்பூரில் ஸிம் வோங் ஹூ என்பவரின் கிரியேட்டிவ் கம்பெனி 1989-இல் வெளியிட்ட ‘ஸௌண்ட் பிளாஸ்டர்’ அட்டை உலகமெங்கும் போயிருந்தது. அதை லினக்ஸுக்குப் புரிய வைக்க ஒரு ‘டிரைவர்’ தேவை. இந்த டிரைவர் மோட்டார் ஓட்டுகிறவர் அல்ல. அந்தக் காலத்தில் கம்பெனித் துரைகளுக்கும் நம்மவர்களுக்கும் நடுவில் துபாஷி என்று ஒருவர் நின்றாரே, அவரைப் போன்றவர். அட்டையின் பாஷையை லினக்ஸுக்கும் லினக்ஸின் பாஷையை அட்டைக்கும் சொல்லுகிறவர். 1992-இல் ஸவோலைனன் எழுதிய அந்தத் துபாஷியிலிருந்து வளர்ந்ததுதான் ‘ஓபன் ஸௌண்ட் ஸிஸ்டம்’, சுருக்கமாக ஓ.எஸ்.எஸ்.

வேலை சுத்தம். ஆனால் ஒரு சங்கடம். பெரும்பாலான அட்டைகளில் ஒரு சமயத்தில் ஒரு நிரல்தான் பாட முடியும். கச்சேரி மேடையில் ஒரே மைக் இருந்து, முதலில் பிடித்தவர் விடுகிற வரையில் மற்றவர்கள் வாயை மூடிக் கொண்டு நிற்பது போல. பாட்டு ஓடிக் கொண்டிருந்தால், கடிதம் வந்ததென்று மணி அடிக்காது. இன்னொரு நிரலைத் திறந்தால், ‘சாதனம் வேலையாக இருக்கிறது’ என்று பதில் வரும். காணாமற் போன ஓசையைத் தேடிய அந்த நாளைய ஆசாமிகள் முதலில் செய்த காரியம், மைக்கைப் பிடித்துக் கொண்டிருப்பவர் யார் என்று தேடிப் பிடித்து, அந்த நிரலை மூடியதுதான்.

பிறகு அதன் புதிய வசதிகள் வியாபாரச் சரக்காகி விட்டன. கெர்னல் என்று சொல்லப்படும் லினக்ஸின் உள்மையத்தில் கிடந்த இலவசப் பிரதி பின்தங்கிப் போயிற்று. பொதுக் கிணற்றுக்காரர்களுக்கு அது பிடிக்குமா? 1998-இல் யாரோஸ்லாவ் கிஸெலா என்ற செக் தேசத்து இளைஞர் வேறு வழியில் தொடங்கினார். தம்மிடமிருந்த கிராவிஸ் அல்ட்ராஸௌண்ட் அட்டைக்கு எழுத ஆரம்பித்தது, ‘ஆல்ஸா’ என்ற பெரிய கட்டடமாக எழுந்தது. 2003 டிசம்பரில் வெளியான 2.6-ஆம் லினக்ஸில் ஆல்ஸாவுக்குப் பட்டாபிஷேகம். 2007-இல் ஓ.எஸ்.எஸ். காரர்கள் தங்கள் மூல வரிகளைத் திறந்து விட்டார்கள். ஆனால் அதற்குள் ஊர் குடிபெயர்ந்தாகி விட்டது.

ஆல்ஸாவின் ஒரு குணம் பிரசித்தி பெற்றது. புதிதாக ஓர் அட்டையைக் கண்டால் அதன் எல்லா வாய்களையும் அடைத்து வைத்து விடும். திடீரென்று பெட்டி அலறக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதை. எல்லாம் ஒழுங்காயிருக்கிறது, அட்டை தெரிகிறது, பாட்டு ஓடுகிறது, கோடு நகர்கிறது, சப்தம் மட்டும் இல்லை! ‘ஆல்ஸாமிக்ஸர்’ என்று ஒரு நிரல் உண்டு. அதைத் திறந்தால் கறுப்புத் திரையில் தெர்மாமீட்டர்களை வரிசையாக நிறுத்தியது போலக் கம்பங்கள் தெரியும். கம்பத்தின் அடியில் ‘எம் எம்’ என்று இருந்தால் வாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். எம் என்ற விசையை ஒரு தட்டுத் தட்டினால் திறந்து கொள்ளும். இந்த ஒரு தட்டுக்காக இராத்திரி முழுதும் கண் விழித்தவர்களின் தொகையை யாரும் கணக்கெடுக்கவில்லை. முன்ஜாக்கிரதை நல்லதுதான். ஆனால் வாயைக் கட்டினவன் ‘கட்டியிருக்கிறேன்’ என்று ஒரு சீட்டாவது ஒட்டியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

மைக் சண்டையைத் தீர்க்க இதற்குள் வேறு சிலரும் கிளம்பியிருந்தார்கள். எல்லா நிரல்களும் என்னிடம் பாடுங்கள், நான் கலந்து அட்டைக்கு அனுப்புகிறேன் என்று நடுவே உட்காருகிற நிரலுக்கு ‘ஸௌண்ட் ஸர்வர்’ என்று பெயர். கே.டி.இ. கோஷ்டியார் ‘ஆர்ட்ஸ்’ என்று ஒன்றை வைத்துக் கொண்டார்கள். க்னோம் கோஷ்டியார் ‘ஈஸௌண்ட்’ என்று இன்னொன்றை வைத்துக் கொண்டார்கள். விளைவு என்ன? நிரல்கள் போட்ட சண்டையை நடுவர்கள் போட்டார்கள்.

பால் டேவிஸ் என்பவரின் வழி தனி. அமேஸான் கம்பெனியின் ஆரம்ப கால நிரலாளர்களில் ஒருவர் அவர். அங்கிருந்து விலகி, இசைப் பதிவு நிரல் எழுத வந்தவர். பாடகருக்குத் தம் குரல் தமக்கே தாமதமாகக் கேட்டால் சுருதி நிற்காது. விநாடிக்கு 48,000 ஒலித் துளிகள் என்ற கணக்கில், 1,024 துளிகளை ஒரு தவணையாகச் சேர்த்து அனுப்பினால் அதுவே 21 மில்லி விநாடித் தாமதம். 64 துளி என்றால் சுமார் 1.3 மில்லி விநாடிதான். ஆனால் ஒரு தவணை தவறினாலும் ‘டப்’ என்று ஓட்டை விழும். டேவிஸின் ‘ஜாக்’ இந்தக் கத்தி முனையில் நடக்கப் பிறந்தது. சங்கீத வித்வான்கள் அதைக் கொண்டாடினார்கள். சாமானியர் பக்கம் அது வரவில்லை.

சாமானியருக்காக வந்தவர் லென்னார்ட் பெட்டரிங் என்ற ஜெர்மானிய இளைஞர். 2004-இல் அவர் தொடங்கிய நிரலுக்குப் பின்னால் ‘பல்ஸ்ஆடியோ’ என்று பெயராயிற்று. ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியாக ஓசை கூட்டலாம், குறைக்கலாம். பாட்டு நடுவில் இருக்கும்போதே காதில் மாட்டும் கருவியைச் செருகினால் பாட்டு அங்கே தாவும். கேட்கவே இனிக்கிறதல்லவா?

லினக்ஸைச் சாமானியர் கைக்குக் கொண்டு வருகிறவர்கள் விநியோகஸ்தர்கள். ஒரே இராமாயணத்தைப் பல அச்சகத்தார் பல பதிப்பாகப் போடுவது போல, ஃபெடோரா, உபுண்டு என்று பல பதிப்புகள். 2007 நவம்பரில் ஃபெடோரா 8 பல்ஸ்ஆடியோவை ஏற்றுக் கொண்டது. 2008 ஏப்ரலில் உபுண்டு 8.04 ஏற்றுக் கொண்டது. பிடித்தது சனி! நேற்று வரை பாடிய பெட்டி இன்று திக்கிற்று, கரகரத்தது, அடியோடு நின்றது. பல்ஸ்ஆடியோவைப் பிடுங்கி எறிவது எப்படி என்பதுதான் அந்த வருஷங்களில் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்த கைவைத்தியம். ‘தற்சமயம் உங்கள் ஓசையைக் கெடுத்துக் கொண்டிருக்கும் நிரல்’ என்று பெட்டரிங்கே அதை வேடிக்கையாக வர்ணித்தார். உபுண்டுக்காரர்கள் பாடத்தைச் சரியாகப் படிக்காமல் பரீட்சைக்கு வந்து விட்டார்கள் என்ற பொருள்படவும் பின்னால் சொன்னார்.

இந்த இடத்தில் நின்று விசாரிக்க வேண்டும்.

பழைய நிரல்கள் வேலை செய்த முறை வேறு. அட்டையிடம் கொஞ்சம் ஓசையைக் கொடுத்து விட்டுக் காத்திருக்கும். ‘தீர்ந்தது’ என்று அட்டை கதவைத் தட்டினால் இன்னும் கொஞ்சம் கொடுக்கும். இப்படி ஓயாமல் தட்டிக் கொண்டிருந்தால் கம்ப்யூட்டர் தூங்குவது எப்போது? பாட்டரி நிற்பது எப்படி? 2008-இல் பெட்டரிங் புது முறை ஒன்று கொண்டு வந்தார். மேல்தொட்டியை நிரப்பி வைத்து விட்டு, கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டு, தீரப் போகிற சமயத்தில் மறுபடி ஏற்றுவது. நல்ல யோசனை. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ‘தொட்டியில் எவ்வளவு மிச்சம்?’ என்று கேட்டால் டிரைவர் உண்மையைச் சொல்ல வேண்டும்.

பல டிரைவர்கள் பொய் சொல்லின! அதற்கு முன் யாரும் அவ்வளவு நுணுக்கமாகக் கேட்டதில்லை. ஆகவே பொய் வெளிப்பட்டதில்லை. பாதித் தொட்டி இருக்கிறது என்று டிரைவர் சொல்லும்; அட்டையோ காய்ந்து கிடக்கும். அந்தக் காய்ச்சல்தான் காதில் திக்கலாக விழுந்தது. ஜனங்கள் கண்டது என்ன? பல்ஸ்ஆடியோ வருமுன் ஓசை இருந்தது; வந்த பின் இல்லை. ஆகவே அதுதான் கள்ளன். கடிகார முறையை அணைத்து விடு என்று ஒரு சிறு வரி கட்டளை வழக்கத்துக்கு வந்தது. அதைப் போட்டால் பல பெட்டிகளில் ஓசை திரும்பியது. ஏன் திரும்பியது? கேள்வி கேட்பதை நிறுத்தியதால்!

பெட்டரிங்கின் நிரலில் பிழையே இல்லை என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. இருந்தன. விளைந்ததா என்று பார்ப்பதற்குள் அறுவடை செய்ததும் உண்டு. ஆனாலும் அவர் மேல் விழுந்த வசவு அளவு மீறியது. பின்னால் அவர் எழுதிய ‘ஸிஸ்டம்-டி’ என்ற வேறு நிரல் அந்த நெருப்புக்கு எண்ணெய் ஊற்றிற்று. தம்மைக் கொல்ல ஆள் வைப்பதற்குப் பணம் திரட்டக்கூடச் சிலர் முயன்றார்கள் என்று 2014-இல் அவரே எழுதினார். ஓசை வரவில்லை என்று ஆரம்பித்த கோபம் போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள்.

ஓசை போனால் போகட்டுமே, பாட்டுத்தானே என்று நினைக்கலாம். எனக்குத் தெரிந்த தமிழாசிரியர் ஒருவருக்குக் கண் பார்வை இல்லை. லினக்ஸில் ‘ஓர்க்கா’ என்ற நிரல் திரையில் உள்ளதைச் சொல்ல, ‘ஈஸ்பீக்’ என்ற நிரல் அதைக் குரலாக்கும். ஈஸ்பீக் தமிழும் பேசும். மரக் குரல்தான், ஆனால் பேசும். அவருக்கு அதுதான் புஸ்தகம், பேனா, தபால்காரர் எல்லாம். “உங்களுக்கு ஓசை போனால் ரேடியோ நின்ற மாதிரி ஐயா, எனக்கு ஓசை போனால் விளக்கணைந்த மாதிரி” என்றார் என்னிடம். ஓசையைத் திருப்பிக் கொண்டு வருகிற கருவிகள் அத்தனையும் திரையில் இருக்கின்றன. திரையைப் படித்துச் சொல்ல ஓசை வேண்டும். இந்தச் சக்கரத்தில் அகப்பட்டவருக்கு வழி என்ன? விசைகளை இத்தனாவது தட்டு, அத்தனாவது தட்டு என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். அதுவும் பலிக்காவிட்டால் எதிர் வீட்டுப் பையனைக் கூப்பிடுகிறார்.

அவருக்கு நேர்ந்த ஒரு சிக்கலைக் கேளுங்கள். படங்கள் இல்லாத வெறும் எழுத்துத் திரைக்கும் ஒரு பேச்சு நிரல் வைத்திருந்தார். அது நேரே ஆல்ஸாவிடம் போய் அட்டையைப் பிடித்துக் கொண்டது. பிறகு படத் திரைக்கு வந்தால் பல்ஸ்ஆடியோவுக்கு அட்டை கிடைக்கவில்லை; ஓர்க்கா மௌனம். 1992-இன் மைக் சண்டையேதான், புது வேஷத்தில்!

டிரைவர்கள் ஏன் பொய் சொல்லின என்பதையும் சொல்ல வேண்டும். 2004-க்குப் பின் இன்டெல் வகுத்த ஓர் ஒலி அமைப்பு, தனி அட்டை இல்லாமல் கம்ப்யூட்டரின் தாய்ப் பலகையிலேயே வரத் தொடங்கிற்று. விதி ஒன்று, ஆனால் எந்தக் கம்பியை எந்த ஒலிபெருக்கியில் முடிப்பது என்பது பெட்டி செய்கிறவர் இஷ்டம். செய்தவர்களில் அநேகர் விண்டோஸில் பாடினால் போதும் என்று அனுப்பி விட்டார்கள். கம்பி விவரம் தப்பாக எழுதியிருந்தாலும் அங்கே ஒட்டுப் போட்டு மறைத்து விடலாம். லினக்ஸில் ஒட்டுப் போடுகிறவர்கள் வேறு மனிதர்கள். ரியல்டெக் சில்லுகளுக்காக மட்டும் ‘இந்தப் பெட்டியானால் இப்படி, அந்தப் பெட்டியானால் அப்படி’ என்று நூற்றுக்கணக்கான வரிகள் லினக்ஸுக்குள் இருக்கின்றன. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் எங்கோ ஒருவர் மௌனமான பெட்டியின் முன் உட்கார்ந்திருந்திருக்கிறார். நாவல் எழுதத் தகுந்த பட்டியல்!

குற்றவாளியைத் தேடிய வழக்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது 2010-இல் நடந்தது. ஃபெடோரா 14 வெளிவந்த சமயம். ‘ஃபிளாஷ்’ என்ற நிரலின் வழியாகப் பாட்டுக் கேட்டவர்களுக்கு ஓசை விகாரமாய்க் கேட்டது. வழக்கம் போல் ஓசை நிரல்களின் மேல் சந்தேகம். விசாரணையில் டோர்வால்ட்ஸே இறங்கினார். கண்டுபிடித்த இடம் ஒருவரும் எதிர்பாராதது. நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எழுத்துக்களை நகலெடுக்கும் ‘மெம்காப்பி’ என்ற மிகச் சாதாரணமான ஏவலாள்!

பந்தியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களை எல்லாம் இடப் பக்கம் ஓர் இலை தள்ளி உட்காரச் சொல்வதாக வைத்துக் கொள்ளுங்கள். இடக் கோடியிலிருந்து தொடங்கினால் ஒருவர் பின் ஒருவராக நகர்ந்து விடுவார்கள். வலக் கோடியிலிருந்து தொடங்கினால் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார வேண்டியதுதான். மெம்காப்பி இதுவரை ஒரு கோடியிலிருந்தே தொடங்கி வந்தது. வேகத்துக்காகப் புதிய பதிப்பில், சில சில்லுகளில், மறு கோடியிலிருந்து தொடங்கும்படி மாற்றினார்கள். இடங்கள் ஒன்றன் மேல் ஒன்று படியுமானால் மெம்காப்பியைக் கூப்பிடாதே, அதற்கு வேறு ஆள் இருக்கிறான் என்று விதிப் புஸ்தகம் தெளிவாகச் சொல்கிறது. ஃபிளாஷ் அந்த விதியை மீறியிருந்தது. பழைய மெம்காப்பியின் தயவால் இத்தனை நாள் தப்பித்து வந்தது.

குற்றம் யாருடையது? விதிப்படி ஃபிளாஷுடையது. சந்தேகமில்லை. டோர்வால்ட்ஸ் இதை ஒப்புக் கொள்ளாமலில்லை. ஆனால் உபயோகிக்கிறவருக்கு நேற்று வேலை செய்தது இன்று செய்யவில்லை. அவரிடம் போய் விதிப் புஸ்தகத்தை வாசித்துக் காட்டுவதில் என்ன பிரயோஜனம் என்று வாதாடினார். மெம்காப்பியின் சொந்தக்காரர்கள் விதியின் பக்கம் நின்றார்கள். கடைசியில் 2011-இல் ஓர் ஏற்பாடு வந்தது. பழைய நிரல்களுக்குப் பழைய நடத்தை. புதிதாகச் செய்யப்படுகிறவற்றுக்குப் புது நடத்தை. தீர்ப்பு இரண்டு கட்சிக்கும் சாதகமாக இருந்தபடியால் இரண்டு கட்சிக்கும் திருப்தியில்லாமலிருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

பிறகு வந்தவர் விம் டேய்மன்ஸ். பெல்ஜியத்துக்காரர். 1999-இல் தொடங்கிய ‘ஜிஸ்ட்ரீமர்’ என்ற ஒலி-ஒளி நிரலின் மூலவர்களில் ஒருவர். இவர் ஓசைக்காக வரவே இல்லை. காமிரா ஒன்றைப் பல நிரல்கள் பகிர்ந்து கொள்ள வழி தேடி 2015 வாக்கில் ஒரு வேலையை எடுத்துக் கொண்டார். தாம் குடியிருந்த ஸ்பெயின் தேசத்து ஊரின் பெயரால் அதைப் ‘பீனோஸ்’ என்று அழைத்தார். படத்தைப் பகிர்ந்தால் ஓசையையும் பகிரலாமே என்று விரிந்து, 2017-இல் ‘பைப்வயர்’ என்ற பெயர் வந்தது.

அவர் செய்த தந்திரம் இதுதான்: ஒருவரையும் வீடு மாறச் சொல்லவில்லை. பல்ஸ்ஆடியோவைத் தேடி வருகிற நிரலுக்கு ‘நான்தான் பல்ஸ்ஆடியோ’ என்றது பைப்வயர். ஜாக்கைத் தேடி வந்தால் ‘நான்தான் ஜாக்’. ஆல்ஸாவைத் தேடி வந்தவருக்கும் அப்படியே. வித்வான்களும் சாமானியர்களும் முதல் தடவையாக ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். 2021 ஏப்ரலில் ஃபெடோரா 34 அதை ஏற்றது. 2022 அக்டோபரில் உபுண்டு 22.10. அவர்கள் இம்முறை பாடத்தைப் படித்து விட்டு வந்தார்கள். 2023 நவம்பரில்தான் டேய்மன்ஸ் அதற்கு 1.0 என்று நம்பர் போட்டார். இந்த அமைதியான பிரவேசத்துக்கு அவருடைய சாமர்த்தியம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பதின்மூன்று வருஷமாகப் பல்ஸ்ஆடியோ கேள்வி கேட்டுக் கேட்டு, திட்டு வாங்கிக் கொண்டு, டிரைவர்களில் எத்தனையோ பொய்யை வெளியே இழுத்துத் திருத்த வைத்திருந்தது. செப்பனிட்ட சாலையில் டேய்மன்ஸின் வண்டி ஓடிற்று.

ஓசை இப்போதும் காணாமற் போகத்தான் போகிறது. புதிய மடிக் கம்ப்யூட்டர்களில் ஒலிச் சில்லுக்கு என்று தனியே ஒரு சிறு நிரல் வேண்டும். அது இல்லாவிட்டால் ‘டம்மி அவுட்புட்’ என்று திரையில் ஒரு பொம்மை உட்கார்ந்திருக்கும். டெலிவிஷனோடு கம்பி இணைத்திருந்தால் ஓசை அங்கே போய்ப் பாடிக் கொண்டிருக்கும். எதிர் வீட்டுப் பையன் தேடுகிற முறையைப் பார்த்திருக்கிறேன். முதலில் கெர்னலுக்கு அட்டை தெரிகிறதா என்று கேட்கிறான். பிறகு ஆல்ஸாமிக்ஸரைத் திறந்து ‘எம் எம்’ இருக்கிறதா என்று பார்க்கிறான். பிறகு நடுவர் விழித்திருக்கிறாரா, ஓசையை எந்தப் பக்கம் அனுப்புகிறார் என்று விசாரிக்கிறான். அவன் இறங்கி ஏறுகிற படிகள், நான் மேலே சொன்ன வருஷங்களின் வரிசைதான். 1992-இல் ஆரம்பித்து இன்றைக்கு வருகிறான்; அவனுக்கு அது தெரியாது.

நடுவர் யார் என்று கேட்க ஒரு கட்டளை இருக்கிறது. பைப்வயர் நடத்துகிற பெட்டியில் அதைத் தட்டினால் வருகிற பதிலில் ஒரு வரி: ஸர்வரின் பெயர், பல்ஸ்ஆடியோ, அதையடுத்து அடைப்புக்குறிக்குள், பைப்வயரின் மேல்.